புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகம், வேபிரிட்ஜ்: ஏரிக்கடியில் கிடந்த வெலிங்டன் விமானத்துக்காகவே போகலாம்

லண்டன் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் பெற்றோரை எங்கே அழைத்துப்போவது என்பது இங்குள்ள மகன்களுக்கும் மகள்களுக்கும் தீராத தலைவலி. அரண்மனை, மெழுகுப் பொம்மை, பெரிய கடிகாரம் எல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு அப்பாக்கள் சோபாவில் சாய்ந்து ஊர்ச் செய்தி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட அப்பாக்களுக்காக, அதிலும் எஞ்சின், இரும்பு, கிரீஸ் என்று காலம் தள்ளியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்ரே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் ஊரை ஒட்டி இருக்கும் புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். நான் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். சுலபத்தில் ஐந்து கொடுக்கிற ஆள் இல்லை நான். பஸ் பணிமனையில் தலைமை மெக்கானிக்காக இருந்த காலத்தில், எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை முடித்துத் திரும்பிய வண்டிக்கு அடியிலும் ஒரு முறை தலையை விட்டுப் பார்ப்பவன் என்று பெயர் வாங்கியவன்.

போகும் வழி எளிது. வாட்டர்லூ நிலையத்திலிருந்து வேபிரிட்ஜுக்கு நேர் ரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் காரில் போவது நல்லது, ஏனென்றால் உள்ளே போன பிறகும் நடை நிறைய இருக்கிறது. டிக்கெட்டை மகள் இணையத்திலேயே எடுத்துவிட்டாள். அங்கே நிற்கும் கான்கார்டு என்ற அதிவேகப் பயணிகள் விமானத்துக்குள் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நின்றுகொண்டு பவுண்டை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடுவது நமக்கும் அழகில்லை, மாப்பிள்ளைக்கும் சங்கடம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஹ்யூ லாக் கிங் என்ற நிலக்கிழார் 1907-ல் தன் சொந்த நிலத்தில், சொந்தக் காசில், கார்ப் பந்தயத்துக்கென்று ஒரு கான்கிரீட் சுற்றுப்பாதையைக் கட்டினார். ஒரு சுற்று இரண்டே முக்கால் மைல். வளைவுகளில் பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஏறத்தாழ 29 அடி உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள். அந்தச் சாய்வின் ஒரு துண்டு இன்றும் அப்படியே நிற்கிறது. பேரன் அதில் ஏறி இறங்கி ஏறி இறங்கி அரை மணி நேரத்தைக் கழித்தான். பந்தயக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. கார்ப் பித்து உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பாதைக்கு நடுவே இருந்த திறந்தவெளியில் விமானம் கட்டுகிறவர்கள் வந்து குடியேறினார்கள். அவர்களில் பெரிய நிறுவனம் விக்கர்ஸ். விக்கர்ஸ் கட்டிய விமானங்களில் ஒன்றுதான் வெலிங்டன் என்ற குண்டுவீச்சு விமானம். நான் ஐந்து கொடுத்ததற்குக் காரணமும் அந்த ஒன்றுதான்.

முதல் வெலிங்டன் 1936 ஜூன் 15-ல் இந்த மைதானத்திலிருந்துதான் கிளம்பியது. மொத்தம் 11,461 கட்டினார்கள், அதில் 2,515 இங்கேயே. இவ்வளவு கட்டியும் இன்று முழு உருவில் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது போர்முனைக்குப் போகாதது. போருக்குப் போய் அடிபட்டுத் திரும்பியது இந்த இன்னொன்று. எண் என்2980, கூப்பிடும் பெயர் 'ஆர் ஃபார் ராபர்ட்'.

பக்கத்தில் போனதும் முதலில் கண்ணில் படுவது எலும்புக்கூடு. உடலின் பெரும்பகுதியைத் துணி போர்த்தாமல் விட்டிருக்கிறார்கள், அது எவ்வளவு நல்ல முடிவு என்பதைத் தொழில் தெரிந்தவன் உடனே புரிந்துகொள்வான். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் ஆகாயக் கப்பல்களில் வேலை பார்த்தபோது பழகிய யோசனையைக் கொண்டுவந்து இதில் வைத்திருக்கிறார். டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பட்டைகள் உடலைச் சுற்றி இடமிருந்து வலமாக ஒரு வரிசை, வலமிருந்து இடமாக ஒரு வரிசை, சாய்வாக ஓடுகின்றன. அவை குறுக்கே வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னத் தகடு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு வரிசையை இழுக்கும் விசை மற்ற வரிசையை அழுத்தும், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் நடுவில் தடித்த உத்தரம் எதுவும் வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் இடம் முழுவதும் குண்டுக்கும் பெட்ரோலுக்கும் மிச்சம். நான்கைந்து பட்டை அறுந்தாலும் பாரம் பக்கத்துப் பட்டைகளுக்குப் போய்விடும். இந்தக் கூட்டின் மேல் லினன் துணியைப் போர்த்தித் தைத்து, மெருகுப் பூச்சு அடித்து விறைப்பாக்கியிருக்கிறார்கள். அந்தத் தையல் வேலையில் பெரும்பாலும் பெண்கள். இந்தத் தொழிற்சாலை மேல் 1940 செப்டம்பர் 4-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு எண்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிற்சாலை அதன்பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஏரித் தண்ணீரில் 45 ஆண்டு ஊறிய பழைய பட்டையையும், புதுப்பிக்கும்போது பக்கத்தில் வைத்துப் பூட்டிய புதுப் பட்டையையும் நின்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதில் அம்மைத் தழும்பு போல அரிப்பு. புதியது வழவழவென்று இருக்கிறது. ஆனால் துளைக்குத் துளை சரியாகப் பொருந்தியிருக்கிறது. "மாமா, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்" என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள் என்றதும் எனக்கு வந்த பொறாமையை மறைக்கவில்லை.

இந்தக் கூடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1941 ஜூலையில் நியூசிலாந்துப் படைப்பிரிவின் வெலிங்டன் ஒன்று திரும்பி வரும் வழியில் இறக்கையில் தீப்பிடித்தது. ஜேம்ஸ் வார்டு என்ற இளம் சார்ஜன்ட், பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் கூரை வழியாக வெளியே இறங்கி, துணியைக் காலால் உதைத்துக் கிழித்து, உள்ளிருக்கும் பட்டைகளில் கையையும் காலையும் மாட்டிக்கொண்டு இறக்கை மேல் ஊர்ந்து போய்த் தீயை அமுக்கினார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அடுத்த இரண்டே மாதத்தில் இன்னொரு தாக்குதலில் இறந்துபோனார். தகரம் போர்த்திய விமானமாக இருந்திருந்தால் அவருக்குக் கால் வைக்க இடமே கிடைத்திருக்காது.

இனி ராபர்ட்டின் கதை. 1939 டிசம்பர் 18, போர் தொடங்கி மூன்றரை மாதம். ஜெர்மனியின் வடகடற்கரையில் போர்க்கப்பல்களைத் தாக்க மூன்று படைப்பிரிவுகளிலிருந்து 24 வெலிங்டன்கள் பட்டப்பகலில் கிளம்பின. இரண்டு பாதியில் திரும்பிவிட்டன. மீதி 22-ல் 12 ஊர் திரும்பவில்லை. 'பகலில் போனால் பிழைக்க முடியாது, இனி இரவில்தான்' என்று பிரிட்டிஷ் விமானப்படை தன் போக்கையே மாற்றிக்கொண்டதற்கு அன்று விழுந்த அடி ஒரு பெரிய காரணம். திரும்பி வந்த பத்தில் ஒன்று என்2980.

நமக்கு ஒரு பக்கக் கதையும் உண்டு. விமானப்படையில் வெலிங்டனை முதன்முதலில் பெற்றது 99-ஆம் படைப்பிரிவு, 1938 அக்டோபரில். போர்க்காலத்தில் அதன் பெயரோடு 'மதராஸ் மாகாணம்' என்று சேர்த்தார்கள், போர்ச் செலவுக்கு மாகாணம் கொடுத்த பணத்துக்கு நன்றியாக. ராபர்ட் போனதற்கு நான்கு நாள் முன்னதாக, 1939 டிசம்பர் 14 அன்று, அதே கடற்பகுதிக்கு 12 வெலிங்டன்களோடு போய் ஐந்தை அங்கேயே பறிகொடுத்தது அந்தப் படைப்பிரிவுதான். நம் தாத்தா காலத்துப் பணம் எந்தெந்த வானத்துக்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

சண்டையிலிருந்து தப்பித்த ராபர்ட் சண்டையில் அழியவில்லை. புது மாதிரி வெலிங்டன்கள் வரத் தொடங்கியதும் 1940 அக்டோபரில் இதைப் பயிற்சிக்குத் தள்ளிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் லாசிமவுத், அங்கே 20-ஆம் எண் பயிற்சிப் பிரிவு.

இந்த இடத்தில் எனக்குள் இருந்த மெக்கானிக் விழித்துக்கொண்டான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி வந்தால் தொலைதூரத் தடத்துக்கு. சில லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் டவுன் பஸ். அதிலும் தேய்ந்து, கண்டம் செய்து கழித்துவிடுவதற்கு முந்தைய நிலையில் பயிற்சிப் பள்ளிக்கு. ஸ்டியரிங்கில் ஆட்டம், கியர் பெட்டியில் சத்தம், கைப்பிரேக் பெயருக்கு. அந்த வண்டியைத்தான் முதன்முதலாகக் கனரக வண்டியில் கை வைக்கிறவனிடம் கொடுப்பார்கள். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள ஓட்டுநருக்குப் புது வண்டி, ஒன்றுமே தெரியாதவனுக்கு ஓட்டை வண்டி. கேட்டால், 'எப்படியும் இடிக்கப்போகிறான், பழசாகவே இருக்கட்டும்' என்பார்கள். வண்டியின் கணக்குப்படி அது சரி. ஓட்டுகிறவன் கணக்கை யார் போட்டார்கள்? பிரிட்டிஷ் விமானப்படையிலும் இதே கணக்குதான் நடந்திருக்கிறது என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். முன்னணிப் படைப்பிரிவுகளில் உழைத்துத் தேய்ந்த வெலிங்டன்களும் விட்லி என்ற குண்டுவீச்சு விமானங்களும் பயிற்சிப் பிரிவுகளுக்கு வந்தன. அதில் ஏறியவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்.

அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்ன? இரவில் வழி கண்டுபிடிக்க. கீழே நாடு முழுக்க விளக்கணைப்பு. கையில் திசைகாட்டி, கடிகாரம், பென்சில், வரைபடம். காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறது என்று ஊகித்து, இவ்வளவு நேரம் இந்த வேகத்தில் இந்தத் திசையில் பறந்தால் இங்கே இருப்போம் என்று கணக்குப் போட வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்க்கலாம். ஸ்காட்லாந்தில் டிசம்பரில் வானம் தெளிவாக இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று இங்கே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்குத் தெரியும். தரையிலிருந்து வரும் வானொலித் துடிப்பை வைத்து இடம் காட்டும் கருவி குண்டுவீச்சுப் படைக்குப் பயன்பாட்டுக்கு வந்ததே 1942-ல். காற்றுக் கணக்கில் சின்னப் பிசகு வந்தால், பென்சில் கோட்டில் வெட்டவெளி, எதிரே உண்மையில் மலை.

1940 டிசம்பர் 31. வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்காக ராபர்ட் கிளம்பியது. உள்ளே எட்டுப் பேர். ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் மார்வுட்-எல்டன், பக்கத்தில் ஸ்லேட்டர் என்ற இளம் அதிகாரி, பின்னால் ஆறு பேர். லாக் நெஸ் ஏரிக்குத் தென்கிழக்கே மொனாலியா மலைத்தொடருக்கு மேல், ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில், பனிப்புயல். வலது எஞ்சின் நின்றுவிட்டது.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று போனால் இன்னொன்றில் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று எனக்கு ஒரு எண்ணம். அங்கே நின்றுகொண்டிருந்த தன்னார்வலர் ஒருவரிடம் மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் பஸ் மெக்கானிக் என்று மாப்பிள்ளை சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு நேராக என்னிடமே பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, கை ஜாடை முழுதும் புரிந்தது. நின்றுபோன பக்கத்து விசிறி எதிர்க்காற்றில் சும்மா சுழன்றுகொண்டே விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். காற்றைக் கிழிக்கும்படி இதழ்களைத் திருப்பி வைக்கும் வசதி ஆரம்ப கால வெலிங்டன்களில் இல்லை. மிச்சமிருக்கும் ஒரு பெகாசஸ் எஞ்சினுக்கு எட்டுப் பேர் பாரத்தோடு உயரத்தைத் தக்கவைக்கும் சக்தி போதாது. கீழே மலை. ஒன்பது சிலிண்டர் வட்ட எஞ்சின் அது, சிலிண்டர்கள் நடு அச்சைச் சுற்றி நட்சத்திர வடிவில் நிற்கும். எந்தச் சிலிண்டர் முதலில் சூடேறும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை மகள் தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டாள்.

குதிக்கச் சொல்லி உத்தரவு. பின்னால் இருந்த ஆறு பேரும் பாரசூட்டோடு குதித்தார்கள். ஐந்து பேர் பிழைத்தார்கள். பின்புறத் துப்பாக்கிக் கூண்டில் இருந்த சார்ஜன்ட் ஃபென்சமை பாரசூட் காப்பாற்றவில்லை.

வால் பக்கம் போய் அந்தக் கூண்டைப் பாருங்கள். ஒரு ஆள் முழங்காலை மடக்கி உட்காரும் இடம், அவ்வளவுதான். உள்ளே பாரசூட்டை மாட்டிக்கொண்டு உட்கார இடம் போதாது என்பதால், இந்த வகைக் கூண்டுகளில் உட்காருகிறவர்கள் பாரசூட் பொதியைப் பின்னால் விமானத்தின் உடலுக்குள் வைத்துவிட்டு உட்காருவார்கள். ஆபத்து வந்தால் கூண்டை நேராகத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்து, கையை நீட்டிப் பொதியை எடுத்து, நெஞ்சில் கொக்கி மாட்டி, பிறகு குதிக்க வேண்டும். இருட்டில், பனியில், தடித்த கையுறையோடு, விமானம் ஒரு பக்கம் சரிந்துகொண்டிருக்கும்போது. ஃபென்சமும் இப்படியேதான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இருக்கையின் பொதுவான நிலைமை அது. மற்றவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், தோளைத் தட்டிச் சொல்ல ஆள் உண்டு. வாலில் இருப்பவனுக்குக் காதில் மாட்டிய கருவியில் வரும் குரல் ஒன்றுதான் துணை.

மார்வுட்-எல்டனும் ஸ்லேட்டரும் மேக இடைவெளியில் நீண்ட தண்ணீர்ப் பரப்பு ஒன்றைக் கண்டார்கள். 36 கிலோமீட்டர் நீளமுள்ள லாக் நெஸ். அதில் இறக்கினார்கள். விமானம் மூழ்குவதற்குள் ரப்பர்ப் படகில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். திறமைதான், சந்தேகமில்லை. விமானம் 70 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது.

அதன்பிறகு நடந்ததைத்தான் அங்கே வருகிற எல்லோரும் ரசிக்கிறார்கள். 1976-ல், ஏரியில் வாழ்வதாகச் சொல்லப்படும் லாக் நெஸ் பூதத்தைத் தேடி வந்த அமெரிக்கக் குழுவினர் ஒலி அலைக் கருவியை ஏரிக்குள் விட்டார்கள். பூதம் கிடைக்கவில்லை, விமானம் கிடைத்தது. முதலில் கடல் விமானம் என்று நினைத்தார்கள். ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தார் தண்ணீருக்கடியில் கேமராவை அனுப்பி, அது வெலிங்டன் என்று உறுதி செய்தார்கள். 1985 செப்டம்பரில் தூக்கினார்கள். முதல் முயற்சியில் தூக்கும் சட்டம் வளைந்துபோனது, வேறு சட்டம் செய்து மறுபடி இறங்கி, 21-ஆம் தேதி வெளியே கொண்டுவந்தார்கள். ஏரியின் அடியில் தண்ணீர் ஆண்டு முழுவதும் ஐந்தாறு டிகிரி குளிரிலேயே இருக்கும், உப்பும் கிடையாது, அதனால்தான் இவ்வளவு மிஞ்சியது. வால் விளக்குக்கு ஒரு பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தார்கள், எரிந்தது! நானும் முதலில் இதைக் கேட்டு வாயைப் பிளந்தேன். 45 ஆண்டு தண்ணீரில் கிடந்த வயரிங். எங்கள் பணிமனையில் ஒரு மழைக்கே வைப்பர் நின்றுவிடும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பூதக் கதையைக் கேட்கிறார்கள், விளக்குக் கதையைக் கேட்கிறார்கள், படம் எடுத்துக்கொண்டு கான்கார்டுக்குப் போகிறார்கள். விளக்கு எரிந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த விளக்குக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேரன் கேட்டான். "தாத்தா, சண்டையே நடக்கவில்லையே, பிறகு எப்படி அவர் செத்தார்?" என்றான். எட்டு வயதுப் பையனுக்குத் தோன்றிய கேள்வி நியாயமானது.

அதற்குப் பதிலாகச் சில எண்களைச் சொல்கிறேன். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களில் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் எதிரியின் மேல் பறக்கும்போது சாகவில்லை. பயிற்சியிலும் மற்ற விபத்துகளிலும் உள்நாட்டிலேயே செத்தார்கள். எஞ்சின் நின்று, பனி உறைந்து, வழி தவறி, மலையில் மோதி. ராபர்ட் போனது அதில் மிக லேசான ஒன்று, எட்டில் ஏழு பேர் பிழைத்தார்கள். லாசிமவுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கின்லாஸ் தளத்திலிருந்து 1941 ஏப்ரல் 13-ல் பயிற்சிக்குக் கிளம்பிய ஆன்சன் விமானத்தைப் பாருங்கள். வடக்கே பென் மோர் அசின்ட் மலையில், பனிக்காலத்தின் கடைசி மூச்சில் சிக்கி விழுந்தது. ஆறு பேர், ஆறு பேரும் போனார்கள். ஆறு வாரம் கழித்து ஓர் ஆட்டிடையர்தான் கண்டுபிடித்தார். உடல்களைக் கீழே இறக்க முடியாத இடம். மலை மேலேயே அடக்கம் செய்து, கல்லைக் குவித்து வைத்தார்கள். பிரிட்டனிலேயே உயரமான இடத்தில் இருக்கும் போர்க் கல்லறை அதுதான் என்கிறார்கள். அந்தக் கல்குவியல் சரிந்துபோக, 2013-ல் ஹெலிகாப்டரில் ஒரு கருங்கல் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார்கள். அந்த விமானத்தை யாரும் தூக்கிவந்து காட்சிக்கு வைக்கவில்லை. வைக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சவும் இல்லை. லாக் நெஸ்ஸில் விழுந்த அதிர்ஷ்டத்தால் ராபர்ட் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே நிற்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டு பார்த்தால் வால் கூண்டுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கத் தோன்றும்.

இனி நடைமுறை விஷயங்கள். உள்ளே சிற்றுண்டிக் கடை உண்டு, நாங்கள் அதன் பக்கம் போகவில்லை. மகள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், வெளியே வெயில் அடித்தது, உட்கார்ந்து சாப்பிட்டோம். திரும்பும்போது ஊருக்குள் ஓர் உணவகத்தில் தேநீர் என்று கொடுத்தார்கள். பெயரை எழுதி அவர்களுக்கு விளம்பரம் தர விரும்பவில்லை. வெந்நீரில் பையை நனைத்துவிட்டு மூன்று பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள்.

பார்ன்ஸ் வாலிஸ் கட்டிய பெரிய சோதனை அறை ஒன்று இருக்கிறது, மேல் வானத்துக் குளிரையும் காற்றழுத்தத்தையும் தரையிலேயே உண்டாக்கி விமானப் பாகங்களைச் சோதிப்பதற்காக. கதவின் கனத்தைப் பார்ப்பதற்காகவாவது எட்டிப் பாருங்கள். கான்கார்டு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அழகுதான், வேறு என்ன சொல்ல.

தன்னார்வலர்களிடம் தயங்காமல் பேசுங்கள். நம் ஆட்கள் ஆங்கிலத்துக்குக் கூச்சப்பட்டுப் பலகையை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுவார்கள். தொழில்காரனுக்குத் தொழில்காரன் பேச மொழி பெரிய தடையில்லை. கையில் ஒரு ஸ்பேனரைப் பிடிக்கிற மாதிரி காட்டினாலே போதும், அரை மணி நேரம் விளக்குவார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் ராபர்ட்டின் வால் பக்கத்தைக் காட்டாமல் திரும்பாதீர்கள். எட்டு வயதுக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலையில் கால் ஓயாமல் இருக்கும்போதே நேராக வெலிங்டனுக்குப் போய்விடுங்கள். பந்தயக் கார்களைப் பிறகு பார்க்கலாம். அதே வளாகத்தில், அதே டிக்கெட்டில் லண்டன் பஸ் அருங்காட்சியகமும் இருக்கிறது. குதிரை இழுத்த வண்டியிலிருந்து தொடங்கி, ஏ.இ.சி., லேலண்டு கம்பெனி பஸ்கள் என்று வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். சிவப்புச் சாயம் பளபளக்கிறது, எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டுக்கூட இல்லை. மகளும் மாப்பிள்ளையும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். பஸ்ஸில் வேலை பார்த்த அப்பாவை அழைத்துவருகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்குள் அங்கே வந்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மூடும் நேரத்தில் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டியிருக்கும்.